ஈரலில் கொழுப்பு என்று ரிப்போர்ட் வந்தால்: இங்கிலாந்தில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பித்தப்பைக் கல்லாக இருக்குமோ என்று எனக்கு வயிற்று ஸ்கான் எடுத்தார்கள். கல் இல்லை. போன் பண்ணிக் கேட்டபோது "எல்லாம் நோர்மல்" என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து வேறொரு தேவைக்காக என்எச்எஸ் அப்பைத் திறந்தபோதுதான் அந்த ரிப்போர்ட்டின் கடைசி வரி கண்ணில் பட்டது. ஈரலில் கொழுப்புப் படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தது.

பிறகு ஜீபியிடம் (குடும்ப டொக்டரிடம்) போனேன். உடம்பைக் குறைக்கச் சொல்லி ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார்கள். முழுத்தானியப் பாஸ்தா, ஹமஸ், ஓட்ஸ், சலட் என்று நல்ல விஷயங்கள்தான். ஆனால் என் அடுப்படியில் வேகிற எதுவும் அதில் இல்லை. பிட்டு இல்லை, இடியப்பம் இல்லை, சொதி இல்லை. மூன்று கிழமை பாஸ்தா சாப்பிட்டேன், நான்காம் கிழமை பழையபடி சோற்றுக்கே திரும்பிவிட்டேன். எதை எந்த ஒழுங்கில் கேட்க வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்று பிடிபட ஒரு வருடம் போனது. உங்களுக்கு அந்த வருடம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் குளிசைகளைப் பற்றிய முடிவை உங்கள் டொக்டரோடுதான் எடுக்க வேண்டும்.

ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். நான் வாழ்நாளில் மது தொட்டதில்லை. ஈரல் வருத்தம் என்றாலே குடி என்று ஊரார் நினைப்பார்களே என்று பயந்து பலர் இதை மூடி மறைக்கிறார்கள். மறைக்க வேண்டாம். சீனி வருத்தம், இடுப்பைச் சுற்றிய கொழுப்பு, அதிக மாச்சத்து, குறைந்த நடமாட்டம் இவையே போதும். 2023 முதல் டொக்டர்கள் இதற்கு மாஸ்எல்டி என்று புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள். பழைய ரிப்போர்ட்டில் நாஃப்எல்டி என்று இருந்தால் குழம்ப வேண்டாம், வருத்தம் அதேதான்.

1. முதலில் ரிப்போர்ட்டை உங்கள் கையில் எடுங்கள்

என்எச்எஸ் அப்பில் உங்கள் பரிசோதனை முடிவுகளைப் பார்க்கலாம். பழைய பதிவுகள் தெரியாவிட்டால் ஜீபி ரிசெப்ஷனில் பிரதி கேளுங்கள். உங்கள் மருத்துவப் பதிவின் பிரதியைப் பெறுவது சட்டப்படி உங்கள் உரிமை. கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

ஜீபியிடம் இன்னும் பதியாதவர்கள் அதை உடனே செய்யுங்கள். பதிவதற்குப் பாஸ்போர்ட்டோ, முகவரிச் சான்றோ, விசாக் கடிதமோ கட்டாயம் இல்லை. கேட்டால், அவை இல்லாமலும் பதியலாம் என்பது என்எச்எஸ் விதி என்று பணிவாகச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போனபோது சென்னையிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ முழு உடற்பரிசோதனை செய்தவர்கள் அந்தக் கடதாசிகளையும் எடுத்து வையுங்கள். "கிரேட் 1 ஃபற்றி லிவர்" என்று அதில் இருந்தால், அது கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது. இங்கே டொக்டர் தேடுவது வேறு: ஈரலில் தழும்பு விழத் தொடங்கிவிட்டதா என்பதை.

2. அப்பொயின்ட்மென்ட் எடுக்கும்போதே மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்

ஆங்கிலம் தடுமாறினால், பதிவு செய்யும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. நேரம் கூடுதலாக வேண்டும் என்றும் கேளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க விடாதீர்கள். மாமியின் மலச்சிக்கலையும் மாமாவின் குடியையும் பதினான்கு வயதுப் பிள்ளை முன்னால் யார்தான் உண்மையாகச் சொல்வார்கள்?

கொண்டு போக வேண்டியவை: ஸ்கான் ரிப்போர்ட், கடைசி இரத்தப் பரிசோதனை முடிவுகள், குடிக்கிற எல்லாக் குளிசைகளின் படம் (ஊரிலிருந்து வந்த சூரணம், லேகியம், கடையில் வாங்கிய விற்றமின் உட்பட), குடும்பத்தில் யாருக்குச் சீனி வருத்தம், மாரடைப்பு இருந்தது என்ற குறிப்பு. பின்னால் சொல்லப்போகும் ஒரு கிழமைச் சாப்பாட்டுக் குறிப்பும் வேண்டும்.

3. ஃபிப்-4 கணக்கைக் கேளுங்கள்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். "ஈரல் இரத்தப் பரிசோதனை நோர்மல்" என்றால் கொழுப்பு ஈரல் இல்லை என்று அர்த்தமில்லை. ஏஎல்டி (ஈரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ஒரு நொதியம்) அளவு சரியாக இருக்கும்போதே ஈரலில் கொழுப்பும் தழும்பும் இருக்கலாம்.

தழும்பு விழும் அபாயத்தை ஊகிக்க டொக்டர்கள் பயன்படுத்தும் எளிய கணக்கு ஃபிப்-4. அதற்கு நான்கு விஷயம் வேண்டும்: வயது, ஏஎஸ்டி (ஏஎல்டி போன்ற இன்னொரு நொதியம்), ஏஎல்டி, பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) எண்ணிக்கை. இங்கே பல இடங்களில் வழக்கமான ஈரல் பரிசோதனையில் ஏஎல்டி மட்டுமே பார்ப்பார்கள், ஏஎஸ்டியைத் தனியாகக் கேட்டு எழுதினால்தான் செய்வார்கள். என் முதல் பரிசோதனையில் ஏஎஸ்டி இல்லை. கணக்குப் போட முடியாமல் மறுபடி இரத்தம் கொடுக்கப் போனேன். ஆகவே இரத்தம் எடுக்கும் படிவம் எழுதும்போதே கேளுங்கள்: "ஃபிப்-4 கணக்கிட ஏஎஸ்டியும் சேர்த்து எழுதுவீர்களா?"

கணக்கு இப்படி. வயதை ஏஎஸ்டியால் பெருக்குங்கள். பிளேட்லெட்டை ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 48 வயது, ஏஎஸ்டி 34, ஏஎல்டி 49, பிளேட்லெட் 240 என்றால்: 48 × 34 = 1632; 240 × 7 = 1680; வகுத்தால் 0.97.

1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்கும் வாய்ப்புக் குறைவு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்த எல்லை 2.0. 2.67க்கு மேலே என்றால் ஈரல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இடையில் இருந்தால் அடுத்த பரிசோதனை வேண்டும், பெரும்பாலும் அது ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கான். 35 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவு நம்பத்தக்கதல்ல.

அதே இரத்தத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனி), கொலஸ்ட்ரோல், ஹெபடைடிஸ் பி, சி ஆகியவையும் பார்க்கப்படுகின்றனவா என்று கேளுங்கள். எச்பிஏ1சிக்கும் ஈரல் பரிசோதனைக்கும் வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி கிடந்து மயங்கிப்போய் உட்காராதீர்கள்.

40 முதல் 74 வயது வரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வரும் இலவச என்எச்எஸ் ஹெல்த் செக்கை நம்பி "எல்லாம் பார்த்தாயிற்று" என்று இருப்பவர்களும் உண்டு. எல்லோருக்கும் ஈரல் பரிசோதனை செய்வது அதன் வழக்கமான பகுதி அல்ல.

4. ஃபைப்ரோஸ்கானுக்கு அனுப்பினால்

பயப்பட ஒன்றுமில்லை. வயிற்று ஸ்கான் போலத்தான். விலாவுக்கு நடுவே ஒரு கருவியை வைப்பார்கள், ஒவ்வொரு தடவையும் விரலால் சுண்டியது போல இருக்கும். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். போவதற்கு மூன்று மணி நேரம் முன்பிருந்து சாப்பிடாமல் இருக்க வேண்டும். தேத்தண்ணீரும் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும்.

இரண்டு எண் தருவார்கள். ஒன்று கொழுப்பைக் காட்டும். மற்றது ஈரலின் விறைப்பை கிலோபாஸ்கலில் காட்டும், அது 8க்குக் கீழே என்றால் நிம்மதி. இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சில பகுதிகளில் ஃபைப்ரோஸ்கானுக்குப் பதிலாக ஈஎல்எஃப் என்ற இரத்தப் பரிசோதனை செய்வார்கள்.

5. ஒரு நூலால் இடுப்பை அளந்து பாருங்கள்

வெள்ளையர்களுக்கு உடல் எடைச் சுட்டி (பிஎம்ஐ, உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 25ஐத் தாண்டினால்தான் அதிக எடை. தெற்காசியர்களான நமக்கு 23இலேயே அபாயம் கூடத் தொடங்குகிறது, 27.5 என்றால் உயர் அபாயம். எனக்கு அப்போது 26. "கொஞ்சம்தான் கூட" என்று சிரித்து அனுப்பினார்கள். நம் எல்லை வேறு என்று அன்று எனக்குத் தெரிந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன்.

எடையைவிட இடுப்பு முக்கியம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. நமக்கான எல்லை. தையல் நாடா இல்லாதவர்களுக்கு நூல் போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, இரண்டாக மடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே, விலாவின் அடிக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் சுற்றிப் பாருங்கள். நுனிகள் தொட வேண்டும். எனக்கு நான்கு விரல் இடைவெளி இருந்தது. அந்த நூலைச் சாமியறைக் கதவின் கொக்கியில் மாட்டி வைத்தேன். மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சுற்றிப் பார்க்க வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது.

இலக்கு: இப்போதைய எடையில் 5 சதவீதம் குறைந்தால் ஈரல் கொழுப்புக் குறையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் அழற்சி தணியும், 10 சதவீதத்தில் பலருக்குத் தழும்பும் மீளத் தொடங்கும். 66 கிலோ என்றால் 3.3 கிலோ, 4.6 கிலோ, 6.6 கிலோ. கிழமைக்கு அரைக் கிலோவுக்கு மேல் அவசரப்பட வேண்டாம்.

6. ஒரு கிழமைச் சாப்பாட்டை நம் பெயர்களில் எழுதுங்கள்

உணவு ஆலோசகர் "கார்ப்ஸ் எவ்வளவு?" என்று கேட்டால் நாம் "கொஞ்சம் சோறு" என்போம். அவர் மனதில் வரும் கொஞ்சம் வேறு, நம் கோப்பையில் குவியும் கொஞ்சம் வேறு. அதனால் ஏழு நாளும் எழுதுங்கள்: எத்தனை இடியப்பம், எத்தனை அகப்பை சோறு, எத்தனை கோப்பை தேத்தண்ணீர், ஒவ்வொன்றுக்கும் எத்தனை கரண்டி சீனி, சாப்பிட்ட நேரம் என்ன. கோப்பையைச் சாப்பிடுமுன் போனில் படம் எடுங்கள். ஒரு படம் பத்து நிமிட விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

என் குறிப்பில் எனக்கே தெரியாதது வெளியே வந்தது. நாளுக்கு நான்கு பால் தேத்தண்ணீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. கரண்டிக்கு 4 கிராம் என்றால் நாளுக்கு 32 கிராம், வருடத்துக்குப் பதினொன்றரைக் கிலோவுக்கு மேல். இரவு வேலையால் வரும் என் கணவர் பதினொன்றரை மணிக்குச் சாப்பிடுவார். "தனியே சாப்பிடுகிறாரே" என்று நானும் கூட இருந்து இரண்டாவது தடவை சாப்பிட்டிருக்கிறேன். அதை நான் ஒருநாளும் சாப்பாடு என்று எண்ணியதே இல்லை.

7. அடுப்படியில் மாற்ற வேண்டியவை

நம் சாப்பாட்டை விட வேண்டாம். அளவையும் ஒழுங்கையும் மாற்றினால் போதும்.

அரிசியிலிருந்து தொடங்குங்கள். என் சுண்டில் அளந்தால் அரிசி 200 கிராம் வருகிறது. நான்கு பேருக்கு மூன்று சுண்டு போட்டேன். இப்போது ஒன்றேகால் சுண்டு. குறைந்த இடத்தை வெறுமையாக விட்டால் இரவு பத்து மணிக்கு பிஸ்கட் டின் கூப்பிடும். அந்த இடத்தில் ஒரு வறையும் ஒரு பருப்பும் கட்டாயம் வேண்டும். கோப்பையில் பாதி மரக்கறி, கால்வாசி மீன், முட்டை, கோழி, கடலை, பயறு இவற்றில் ஒன்று, மிச்சக் கால்வாசி சோறு. கறியை முதலில் வைத்துவிட்டு, கடைசியாகச் சோற்றைப் போடுங்கள். சோற்றை முதலில் போட்டால் கை தானாகக் குவிக்கும்.

சிவப்பரிசியும் குரக்கனும் நல்லவைதான், நார்ச்சத்துக் கூட. ஆனால் அவையும் மாச்சத்தே. "குரக்கன் பிட்டுத்தானே" என்று இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட்டால் ஈரலுக்கு வித்தியாசம் தெரியாது. பிட்டு அவிக்கும்போது மாவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, பொடியாக நறுக்கிய கீரையோ துருவிய கரட்டோ சேர்த்து அவியுங்கள். நன்றாக வரும். இடியப்பம் மூன்று, அதோடு ஒரு முட்டையோ மீன் குழம்போ. எட்டு இடியப்பமும் சொதியும் மட்டும் என்ற பழைய கணக்கு வேண்டாம்.

தேங்காய்ப்பாலில் ஒரு பொறி இருக்கிறது. ஊரில் முதற்பாலைக் கொஞ்சம் எடுத்து வைத்துவிட்டு, கப்பிப்பாலில்தான் கறி வைத்தோம். இங்கே டின்னில் வருவது முழுக்க முதற்பால் போன்றது. நான் வாங்கிய 400 மி.லி. டின்னில் 100 மி.லி.க்கு 17 கிராம் கொழுப்பு என்று இருந்தது, அதாவது ஒரு டின்னில் 68 கிராம். கால் டின்னைத் தண்ணீரில் கரைத்தால் ஒரு சொதிக்குப் போதும். மிச்சத்தை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள்.

எண்ணெயைப் போத்தலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றுங்கள். கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைப்பதைவிட, அவணில் வாட்டி எடுத்துக் குழம்பில் போடுங்கள். மாமி மூன்று நாள் முகம் சுளித்தார். நான்காவது தடவை, பொரித்ததா வாட்டியதா என்று கேட்கவே இல்லை.

இனிப்பான பானங்கள்தான் முதல் எதிரி. ஒரு கோலா டின்னில் 35 கிராம் சீனி. பழச்சாறும் அப்படித்தான், பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள். பனங்கட்டி, தேன், ரின்பால் எல்லாமே ஈரலுக்குச் சீனிதான். தேத்தண்ணீரில் சீனியைக் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்தேன், நான்கு கிழமையில் பழகிவிட்டது. சீனியில்லாத கோப்பி நல்லது. கோப்பி குடிப்பவர்களுக்கு ஈரல் தழும்பு குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

8. பிறந்தநாள், விரதம், மது

சனிக்கிழமை மண்டபத்துக்குப் போகாமல் இருக்க முடியாது. போகுமுன் வீட்டில் ஒரு முட்டையும் சலட்டும் சாப்பிட்டுப் போங்கள். ரோல்ஸ் ஒன்றோடு நிறுத்துங்கள். வற்புறுத்துகிறவர்களிடம் "வயிறு சரியில்லை" என்று சமாளிப்பதைவிட "ஈரலில் கொழுப்பு, டொக்டர் சொன்னவர்" என்று சொல்லிவிடுங்கள். நான் சொன்ன அன்று அதே மேசையில் இருந்த இரண்டு பேர் "எனக்கும் அப்படித்தான்" என்றார்கள்.

விரதம் பிடிக்கலாம். பகல் முழுக்கப் பட்டினி கிடந்து, மாலையில் வடை, பாயாசம், மலைபோலச் சோறு என்று முடிப்பதுதான் பிரச்சினை. சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ கிளிக்ளசைட் குளிசையோ எடுப்பவர்கள் கந்தசஷ்டி போன்ற நீண்ட விரதத்துக்கு முன் கட்டாயம் டொக்டரிடம் கேளுங்கள். இரத்தச் சீனி திடீரென்று விழுந்துவிடும்.

மதுவைப் பற்றி ஆண்களுக்கு: நாட்டின் அறிவுரை கிழமைக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது. 70 செ.லி. விஸ்கிப் போத்தலில் 28 யூனிட். சனிக்கிழமை இரவில் அரைப் போத்தல் என்றால் கிழமைக் கணக்கு அன்றே முடிந்தது. ஈரலில் ஏற்கெனவே கொழுப்பு இருப்பவர்கள் முழுதாக நிறுத்துவதே நல்லது. தினமும் குடித்துப் பழகியவர்கள் மட்டும் ஒரே நாளில் நிறுத்தாமல் முதலில் டொக்டரிடம் கதையுங்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

9. நடை

கிழமைக்கு 150 நிமிடம் வேக நடை. கதைக்க முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். கடையில் நாள் முழுக்க நிற்பது இதில் சேராது. மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அப்போது ஷொப்பிங் சென்டருக்குள் நடக்கலாம். ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி மேட்டில் நடந்தே போகலாம். கிழமையில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். கதிரையில் கையூன்றாமல் பத்துத் தடவை எழுந்து உட்காருவதிலிருந்து தொடங்கலாம்.

10. இவற்றைச் செய்யாதீர்கள்

ஈரலைச் சுத்தப்படுத்தும் என்று வட்ஸ்அப்பில் வரும் சாறுகளையும் பொடிகளையும் வாங்காதீர்கள். சீந்தில், அஸ்வகந்தா, செறிவூட்டிய மஞ்சள் குளிசை, பச்சைத் தேயிலைச் சாரம் இவற்றால் ஈரல் பாதிக்கப்பட்டவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கறியில் போடும் மஞ்சளுக்குப் பயப்பட வேண்டாம், குளிசையாக வரும் மஞ்சள் வேறு விஷயம்.

"ஈரல் வருத்தம் வந்துவிட்டது" என்று பயந்து கொலஸ்ட்ரோலுக்கான ஸ்டேட்டின் குளிசையைத் தாமாக நிறுத்துகிறவர்கள் பலர். கொழுப்பு ஈரல் உள்ளவர்களுக்கு ஸ்டேட்டின் பொதுவாகப் பாதுகாப்பானது. இந்த வருத்தத்தில் இதய நோய் அபாயமும் கூடுவதால் அது தேவையும்கூட.

11. காசும் காலமும்

ஜீபி இலவசம். ஜீபி வழியாகப் போனால் இரத்தப் பரிசோதனை, ஸ்கான், ஆஸ்பத்திரி எல்லாம் இங்கே சட்டப்படி வசிப்பவர்களுக்குப் பொதுவாக இலவசம். இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண். 60 வயதானவர்களுக்கு இலவசம். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் எஃப்பி92ஏ படிவத்தை ஜீபியிடம் நிரப்பி விலக்குச் சான்றிதழ் பெற்றால் எல்லா மருந்தும் இலவசம். அது பொதுவாக ஐந்து வருடம் செல்லும், முடியும் திகதியைக் குறித்து வையுங்கள். சாப்பாட்டால் மட்டும் கட்டுப்படுத்துகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மாதம் பல மருந்து வாங்குகிறவர்கள் வருடச் சான்றிதழை 114.50 பவுணுக்கு வாங்கினால் மிச்சம்.

எச்பிஏ1சி 42 முதல் 47 வரை இருந்தால் சீனி வருத்தம் வராமல் தடுக்க உதவும் "ஹெல்தியர் யூ" என்ற ஒன்பது மாத இலவசத் திட்டத்துக்கு அனுப்பும்படி கேளுங்கள். சேரும்போதே, தெற்காசியச் சாப்பாட்டைத் தெரிந்த குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இரத்த முடிவு சில நாளில் வரும். ஸ்கானுக்கு ஆறு கிழமை, ஆஸ்பத்திரி நிபுணருக்குப் பதினெட்டுக் கிழமை என்பவை இலக்குகள் மட்டுமே, பல இடங்களில் அதைவிட நீளும். அனுப்பியதாகச் சொன்ன திகதியைக் குறித்து வைத்து, கடிதம் வராவிட்டால் மூன்று கிழமையில் போன் பண்ணுங்கள். காத்திருக்கும் மாதங்களில் அடுப்படி வேலையைத் தொடங்கிவிடுங்கள். பிரிட்டிஷ் லிவர் ட்ரஸ்ட் என்ற தொண்டு நிறுவனம் நடமாடும் வண்டியில் ஊர் ஊராக இலவச ஈரல் ஸ்கான் செய்கிறது. உங்கள் பகுதிக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள்.

ஆறு மாதத்தில் இரத்தத்தை மறுபடி பார்க்கக் கேளுங்கள். ஃபிப்-4 குறைவாக இருந்தவர்கள் பொதுவாக இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் போதும். அழைப்பு தானாக வரும் என்று இருக்காமல் நாட்காட்டியில் நீங்களே குறியுங்கள். ஊருக்குப் போகப் பயணக் காப்புறுதி எடுக்கும்போது உடல்நிலைக் கேள்வியில் கொழுப்பு ஈரலையும் நடந்துகொண்டிருக்கும் பரிசோதனைகளையும் எழுதுங்கள். எழுதாமல் போய் அங்கே ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால், காசு தர மறுக்கலாம்.